தாமுவே பெட்டியும் என் குடலிறக்கமும்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் மருத்துவச் சேமிப்புக் கணக்கில் தொகை ஏற ஏற எனக்கு நோயே வராது என்று நம்பிக்கொண்டிருந்தேன். வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் மாதா மாதம் கைப்பேசியில் அந்தத் தொகையைத் திறந்து பார்க்கும்போது, ரத்தப் பரிசோதனை முடிவு நன்றாக வந்தவனைப்போல எனக்கு ஒரு தெம்பு வரும். சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை, கணக்கு நிறைய. அப்புறம் என்ன?

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். சிங்கப்பூரில் சம்பளம் வாங்கும் உள்ளூர்க்காரர் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டு. சம்பளத்தில் கொஞ்சம் பிடித்து, கம்பெனியும் கொஞ்சம் போட்டு, அவரவர் பெயரில் சேர்த்து வைப்பார்கள். ஆஸ்பத்திரியில் படுத்தால் அதிலிருந்து கட்டலாம். எல்லாருக்கும் பொதுவான காப்பீடு தனியே இருக்கிறது; ஆனால் இந்தக் கணக்கு நம்முடையது, நமக்கே நமக்கு. நான் ஒரு கப்பல் பட்டறையில் சம்பளப் பிரிவுக் குமாஸ்தா. இருபத்தேழு வருடமாக மற்றவர்கள் சம்பளத்தில் அந்தப் பிடித்தத்தைப் போட்ட கை, இதோ இந்தக் கைதான்.

மூன்று வருடம் முன்பு வலது தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் எட்டிப் பார்த்தது. டாக்டர், "குடலிறக்கம்தான், சின்ன அறுவை, கணக்கிலிருந்தே கட்டிக்கொள்ளலாம்" என்றார். கணக்கிலிருந்தா! நான் சட்டென்று எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

"அந்தப் பணம் எதுக்குத்தான் இருக்கு?" என்றாள் என் மனைவி வசந்தி.

"உடம்புக்கு ஏதாவது வந்தா எடுக்க."

"இப்ப வந்திருக்கிறது என்ன?"

"இது உடம்பில்லடி, இடுக்கு."

இடுப்புப் பட்டை ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டேன். எலுமிச்சை உள்ளே போயிற்று. கணக்கு பத்திரமாக இருந்தது.

இந்த லட்சணத்தில் எனக்கு மியன்மாரின் யாங்கோன் நகரத்திலிருந்து நிபுணர் என்று அழைப்பு வந்தது. அழைத்தவன் ரஹீம். எங்கள் பட்டறையில் ஆறு வருடம் வெல்டராக இருந்துவிட்டு ஊர் திரும்பி, யாங்கோனின் தாமுவே வட்டாரத்தில் கைப்பேசிக் கடை வைத்திருக்கிறான். அவன் தெருவில் தமிழ்க் குடும்பங்கள், முஸ்லிம்களும் இந்துக்களுமாக, ஒரு பொதுப் பெட்டி வைத்திருந்தார்கள். வாரா வாரம் ஆளுக்கு முடிந்ததைப் போடுவது, யாருக்கு வைத்தியம் வேண்டுமோ அவருக்கு எடுப்பது. "அண்ணே, அதைப் பிரிச்சு சிங்கப்பூர் மாதிரி அவரவர் பேர்ல கணக்காக்கணும். ஞாயித்துக்கிழமை கூட்டம். நீங்க வந்து சொன்னா கேப்பாங்க" என்றான். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் நான் பட்டறையில் அடித்த பிரசங்கங்களை அவன் மறக்கவில்லை. இருபத்தேழு வருடத்தில் என்னை யாரும் எதற்கும் அழைத்ததில்லை. தலைகால் புரியவில்லை. புதுச் சட்டை எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை போய் இறங்கினேன். ஏப்ரல் மாத வெயில், தண்ணீர்த் திருவிழா அப்போதுதான் முடிந்திருந்தது. தெருவெல்லாம் ஜெனரேட்டர் சத்தம். மின்சாரம் எப்போது வரும் என்று கேட்டால் எல்லாரும் சிரிக்கிறார்கள். எங்கள் ஊரில் மின்சாரம் பத்து நிமிடம் போனால் பத்திரிகையில் வரும். இங்கே வந்தால்தான் செய்தி.

ரஹீம் நேராக டீக்கடைக்குக் கூட்டிப்போனான். யாங்கோன் டீக்கடை நாற்காலி பாலர் பள்ளியிலிருந்து வாங்கி வந்ததுபோல முழங்கால் உயரத்தில் இருக்கும். உட்காருவது சுலபம். எழுந்திருக்க எனக்கு மேஜை, ரஹீமின் தோள், கடவுள் மூன்றும் தேவைப்பட்டன. "என்னண்ணே?" என்றான். "முதுகு" என்றேன். மோஹிங்கா வந்தது. கெட்டியான மீன் குழம்பில் மெல்லிய அரிசிச் சேமியாவைக் குளிப்பாட்டி, மேலே பருப்பு வடையை நொறுக்கிப் போட்டிருந்தார்கள். காலை ஆகாரத்துக்கு மீன் குழம்பா என்று முகம் சுளித்தவன், இரண்டாவது கிண்ணம் வாங்கினேன்.

புதன்கிழமை பெட்டியைப் பார்க்கப் போனோம். காசிம் பாயின் குடைக்கடை மாடியில் இருந்தது அது. பச்சை வர்ணம் அடித்த தகரப் பெட்டி, இரண்டு பூட்டு. வங்கியில் போட்டால் நினைத்தபோது எடுக்க முடியாத காலம் என்பதால் எல்லாம் ரொக்கம். ஒரு சாவி எழுபது வயது காசிம் பாயின் இடுப்பில். இன்னொன்று, கடை வாசலில் தையல் மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைக்கும் மா செல்வியின் கழுத்தில். மா என்பது அங்கே பெண்களுக்குப் போடும் மரியாதை. முப்பத்தெட்டு வயதுக்காரர், கைகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தன.

காசிம் பாய் பேரேட்டைக் கொடுத்தார். திறந்து பார்த்த குமாஸ்தாவுக்கு மூச்சு நின்றது. இடது பக்கம் கொடுத்தவர்கள் பெயர், முத்து முத்தாக. வலது பக்கம் கொடுபட்ட செலவு: 'நம்மாள் ஒருத்தர், பிரசவம்.' 'நம்மாள் ஒருத்தர், கண்.' 'நம்மாள் ஒருத்தர், கால் எலும்பு.' பக்கம் பக்கமாக நம்மாள்.

"பாய், யார் எவ்வளவு எடுத்தாங்கன்னு எப்படித் தெரியும்?"

"தெரியாது தம்பி."

"தெரியாமல் எப்படி..."

"கொடுத்தவன் பேரை எழுதணும், அவனுக்கு ஒரு பெருமை. வாங்கினவன் பேரு எதுக்கு? எழுதிட்டா அடுத்த தடவை வர கூச்சப்படுவான். வராம வீட்டுல கிடந்து சாவான்."

"இதாண்ணே நான் சொல்றது!" என்றான் ரஹீம். "நான் வருசக்கணக்கா போடறேன், ஒரு மாத்திரைகூட எடுத்ததில்ல. போன மழைக்குப் பெட்டி காலி. எங்க உம்மாவோட கண் ஆபரேசன் நாலு மாசம் தள்ளிப்போச்சு. என் பேர்ல தனியா இருந்திருந்தா? சிங்கப்பூர்ல உள்ளூர்க்காரங்க சம்பளச் சீட்டுல அந்தப் பிடித்தம் இருக்கும், என் சீட்டுல இருக்காது. பார்த்துப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கேன்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. அவன் கைப்பேசியிலேயே கணக்குப் போட்டேன்: பெட்டியில் உள்ளதைக் குடும்பம் வாரியாகப் பங்கு வைத்தால் ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு. அழகான எண். சம்பளப் பிரிவு எண். நான் அதைச் சத்தமாகப் படித்தேன்.

கீழே தையல் மெஷின் நின்றது. மா செல்வி படியேறி வந்தார். "அண்ணே, எனக்கு வாரத்துக்கு ரெண்டு தடவை டயாலிசிஸ். செவ்வாய், வெள்ளி. பெட்டிதான் குடுக்குது. இங்க எல்லாருக்கும் தெரியும், புத்தகத்துக்குத்தான் தெரியாது. என் பங்கு எத்தனை வாரம் வரும்?"

எண்ணை எண்ணால் வகுத்தேன். அது என் தொழில். "ஏழு வாரம்" என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "பள்ளிக்கூடம் திறக்க ஆறு வாரந்தான் இருக்கு. எல்லாச் சீருடையும் தச்சுக் குடுத்துடலாம்" என்று சொல்லிவிட்டுக் கீழே போனார். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

காசிம் பாய் எனக்கு டீ ஊற்றினார். ரஹீம் குனிந்துகொண்டு கைப்பேசியைத் துடைத்தான். நான், 'தனிக் கணக்கு என்றால் கட்டுப்பாடு' என்று ஆரம்பிக்கும் என் பிரசங்கத்தின் முதல் வரியை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். அன்றைக்கென்று பார்த்து அது நாக்கில் ஒட்டவில்லை.

வியாழக்கிழமை, நகரத்தின் வடக்கு ஓரத்தில் இருக்கும் இன்சீனுக்குக் கிளம்பினோம். பெட்டிக்குப் பணம் போடும் பழைய ரயில்வேக் குடும்பங்கள் சில அங்கே இருந்தன; அவர்களையும் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும் என்றான் ரஹீம். வட்ட ரயிலில் போனோம். அந்த ரயிலுக்கு எங்கும் போய்ச் சேரவேண்டிய அவசரம் இல்லை. நகரத்தைச் சுற்றி வருவதுதான் அதன் வேலை. சன்னல் வழியாகக் கீரைப் பாத்திகள் மெதுவாக நகர்ந்தன. ஒரு பெண் காடை முட்டை விற்றார், ஒரு கிழவர் வெற்றிலை. எங்கள் ஊர் ரயிலில் தண்ணீர் குடித்தாலே அபராதம்; இங்கே நான் ஒரு நிலையத்துக்கும் அடுத்த நிலையத்துக்கும் நடுவில் ஒரு விருந்தே சாப்பிட்டேன்.

அங்கேதான் என் வீரம் வெளிப்பட்டது. கன்னத்தில் தனக்கா என்ற மரப்பட்டைச் சாந்து பூசிய ஓர் அம்மாள் தர்ப்பூசணிக் கூடையை ஏற்ற முடியாமல் நடைமேடையில் தடுமாறினார். வண்டியிலோ இளைஞர்கள் நிறைய. ஆனால் நிபுணர் ஒருவர்தான். குனிந்தேன், தூக்கினேன். கூடை ஏறிவிட்டது. என் எலுமிச்சையும் வெளியே வந்துவிட்டது.

வழக்கமாகக் கையால் அழுத்தினால் உள்ளே போய்விடும். அன்று போகவில்லை. கல்லாக நின்றது. இரண்டு நிலையம் தாண்டுவதற்குள் வயிறு முறுக்கிக்கொண்டு, காடை முட்டைகள் வந்த வழியே திரும்பிப் போயின. ரஹீமிடம் மூன்று வருடக் கதையையும் மூன்று வாக்கியத்தில் சொன்னேன். அவன் முகத்தைப் பார்த்ததும் எனக்கு நான் செத்துவிட்டதாகவே முடிவாகிவிட்டது. இன்சீனில் இறங்கி, ரஹீமுக்குத் தெரிந்த தாமுவே ஆஸ்பத்திரிக்கே டாக்சியில் திரும்பும் வழியெல்லாம் வசந்திக்கு என்ன சொல்வது என்றே யோசித்தேன். கடைசியில், 'கணக்குக்கு உன்னைத்தான் வாரிசாகப் போட்டிருக்கிறேன்' என்று செய்தி அனுப்பினேன். அதற்கு அவள் அனுப்பிய பதிலை இங்கே எழுத முடியாது.

அறுவை செய்யும் பெண் டாக்டர் நரைத்த கொண்டைக்காரர். தொட்டுப் பார்த்துவிட்டு பர்மிய மொழியில் ஏதோ கேட்டார். "எவ்வளவு நாளா இருக்குன்னு கேக்குறாங்க" என்றார், குடைக்கடையிலிருந்து அதற்குள் ஓடிவந்திருந்த காசிம் பாய்.

"மூணு வருசம்."

"ஏன் வெட்டலன்னு கேக்குறாங்க."

முனகலுக்கு நடுவே விளக்கினேன். காசிம் பாய் மொழிபெயர்த்தார். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "அங்கே பணத்தோட சேர்த்து நோயையும் சேமிப்பாங்களான்னு கேக்குறாங்க தம்பி."

குடல் மாட்டிக்கொண்டிருக்கிறது, உடனே வெட்ட வேண்டும், தாமதித்தால் அழுகிவிடும். ஆனால் மருந்துக்கும் அறைக்கும் முன்பணம் கட்டினால்தான் உள்ளே எடுக்க முடியும். அந்த ஆஸ்பத்திரியின் வழக்கம் அது. பணமா? என்னிடமா? காசாளர் பெண்ணிடம் வங்கி அட்டையை நீட்டினேன். வெளிநாட்டு அட்டை ஓடாது என்று தலையை ஆட்டினார். கைப்பேசியைத் திறந்து என் மருத்துவச் சேமிப்புத் தொகையை அவர் முகத்துக்கு எதிரே காட்டினேன். அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கு அதிலிருந்து ஒரு காசும் போகாது என்று எனக்குத் தெரியும், விதிகளை மனப்பாடமாக ஒப்பிக்கத் தெரிந்தவன் நான். இருந்தும் காட்டினேன். அவர் அதைக் கவனமாகப் படித்துவிட்டு ஏதோ சொன்னார். "அழகா இருக்காம்" என்றான் ரஹீம்.

கடைசி ஆயுதம், அமெரிக்க டாலர். நூறு டாலர் நோட்டுகள் ஆறைத் திருடர்களுக்குப் பயந்து எட்டாக மடித்து, இடுப்புப் பட்டைக்குள், எலுமிச்சையின் மேலேயே ஒளித்து வைத்திருந்தேன். உருவி எடுத்தேன். வியர்வையில் ஊறி, கசங்கி, பயணச்சீட்டுபோல் இருந்தன. யாங்கோனில் டாலருக்கு ஒரு மடிப்பு இருக்கக்கூடாது, ஒரு பேனாக் கோடு இருக்கக்கூடாது என்பது வந்த அன்றே ரஹீம் சொன்ன முதல் பாடம். என் நோட்டுகளைப் பார்த்த அந்தப் பெண், அவற்றுக்குத்தான் முதலில் சிகிச்சை வேண்டும் என்பதுபோல என்னைப் பார்த்தார்.

நான் அழுதேன். ஐம்பத்து நாலு வயதில், புதுச் சட்டையில், சக்கரப் படுக்கையில் படுத்துக்கொண்டு, தாராளமாக அழுதேன்.

"யாபாதே, யாபாதே" என்றார் காசிம் பாய். பரவாயில்லை, ஆகும் என்று அர்த்தம். இடுப்பிலிருந்து சாவியை எடுத்து ரஹீமிடம் கொடுத்தார். "ஓடு."

பெட்டி திறக்க இரண்டு சாவி வேண்டும். இரண்டாவது சாவி யார் கழுத்தில் இருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏழு வாரம் என்று நான் வகுத்துக் கொடுத்த கழுத்து. அவர் தரமாட்டார், தரவேண்டிய அவசியமும் இல்லை என்று நினைத்தேன். கண்ணை மூடி என் குடலுக்கு விடை கொடுத்தேன்.

கால் மணி நேரத்தில் ரஹீம் வந்தான். பின்னாலேயே மா செல்வி. கையில் துணிப் பை, தோளில் இன்னும் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. பணத்தைக் காசாளரிடம் எண்ணிக் கொடுத்துவிட்டு என் பக்கம் வந்தார்.

"மா செல்வி, நேத்து நான் ஏழு வாரம்னு..."

"அது ஏதோ கணக்கு. நீங்க முதல்ல உள்ள போங்கண்ணே. கத்தாம போங்க, பக்கத்து ரூம்ல பிள்ள பெத்துக்கிட்டிருக்காங்க. அவங்களே கத்தல."

இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டார்கள். வெட்டும்போது நடுவில் விளக்கு அணைந்தது. இரண்டு மூச்சு நேரம். ஜெனரேட்டர் உறுமியது, வெளிச்சம் வந்தது. டாக்டர் கையை ஆட்டாமல் நின்றபடி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். குடல் பிழைத்தது. நான் அதனுடன் ஒட்டிக்கொண்டிருந்ததால் நானும் பிழைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மா செல்வி எட்டிப் பார்த்தார். அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் அவருக்கு டயாலிசிஸ். கையில் ஓர் உறை. உள்ளே, முந்தின நாள் நான் சக்கரப் படுக்கையிலேயே விட்டிருந்த என் ஆறு டாலர் நோட்டுகளும், ஈரத்துணி போட்டு, கரி இஸ்திரிப் பெட்டியில் தேய்த்து, பள்ளிச் சீருடை மாதிரி விறைப்பாக! "பச்சைப் பாவாடை மடிப்பையே எடுக்கிறேன், இது என்ன" என்றார். ரஹீம் எடுத்துக்கொண்டு போய் நாலை மாற்றிவிட்டான். இரண்டு மட்டும் தேறவில்லை. இப்போது அந்த இரண்டும் என் மேஜைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கின்றன.

மாற்றிய பணத்தைக் காசிம் பாயிடம் நீட்டினேன். "கடனைத் திருப்பறதா இருந்தா வேணாம்" என்றார். "நம்மாள் கடன் வாங்கல. பெட்டிக்குப் போடறதா இருந்தா இடது பக்கம் பேரை எழுதிக்கறேன்." போடுவதாகவே சொன்னேன். பேரேட்டை வாங்கி வலது பக்கத்தைப் பார்த்தேன். வியாழக்கிழமைக்கு நேரே, 'நம்மாள் ஒருத்தர், குடலிறக்கம்' என்று இருந்தது. இருபத்தேழு வருடம் எத்தனையோ ஆயிரம் பெயர்களுக்கு நேரே எண் போட்டிருக்கிறேன். பெயர் இல்லாமல் என்னை எழுதிய முதல் வரி அது.

ஞாயிற்றுக்கிழமை என்னை சைக்கிள் ரிக்‌ஷாவில், இடுக்கில் ஒரு தலையணையோடு, கூட்டத்துக்கு ஊர்வலம் கொண்டுபோனார்கள். குடைக்கடை மாடி நிறைய ஆட்கள். இன்சீன்காரர்களும் வந்திருந்தார்கள், நாங்கள் போய் அழைக்காமலே என் கதை போய்ச் சேர்ந்திருந்தது. நான் படியேறியதும் பின்வரிசையில் ஒருவர், "தர்ப்பூசணி வந்தாச்சு!" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், தையல் இழுத்தது.

எழுதி வைத்திருந்த பிரசங்கத்தை எடுக்கவில்லை. "எங்கள் ஊர்க் கணக்கு நல்ல கணக்குதான்" என்றேன். "வயதான காலத்துக்குச் சேரும். முட்டாள்தனம் அதில் இல்லை, என்னிடம்தான். ஆனால் ஒன்றைப் பார்த்தேன். தன் பெயர் போட்ட பணத்தை எடுக்க மனசு வராது. எனக்கு வரவில்லை, அதனால் மூன்று வருடம் வைத்தியமே செய்யவில்லை. இன்னொன்று: நோய் ஆளுக்கு இத்தனை என்று பங்கு போட்டு வருவதில்லை. பணத்தைப் பங்கு போட்டால் ஆரோக்கியமானவன் கணக்கு நிரம்பிக் கிடக்கும், நோயாளி கணக்கு ஏழு வாரத்தில் முடியும். ரஹீம், நீ ஒன்று சொல். அன்றைக்குச் சாவியோடு ஓடினாயே, என் பங்கு எவ்வளவு என்று பார்த்தாயா?"

"உங்களுக்குத்தான் பங்கே இல்லியேண்ணே" என்றான் ரஹீம். சொல்லிவிட்டு, தான் சொன்னது தன் காதிலேயே விழுந்தவன்போல விழித்தான்.

மாடி அதிர்ந்தது. குடைகள் எல்லாம் கொக்கியில் ஆடின.

சிரிப்பு அடங்கியதும் அவன் எழுந்தான். "பிரிக்க வேணாம் சாச்சா" என்று காசிம் பாயைப் பார்த்துச் சொன்னான். "ஆனா பெட்டி மறுபடி காலியாகக் கூடாது. எங்க உம்மாவுக்கு ஆன மாதிரி யாருக்கும் ஆகக் கூடாது. வெளிநாட்டுல இருக்கிற தாமுவேப் பிள்ளைங்க எல்லார்கிட்டயும் நான் வசூல் பண்றேன். முதல் பேரு இவரு." விரல் என்னை நோக்கி இருந்தது.

"நான் தாமுவே இல்லியே" என்றேன்.

"வயித்தத் திறந்து தச்சிருக்கோம்" என்றார் மா செல்வி. "இதுக்கு மேல என்ன வேணும்?"

பிரிக்க வேண்டாம் என்பவர்களைக் கை தூக்கச் சொன்னார் காசிம் பாய். ரஹீமின் கைதான் முதலில் உயர்ந்தது. ஒரு கையும் கீழே இல்லை. என் கையும் உயர்ந்திருந்தது. அதை எண்ணலாமா என்று ஒருவர் கேட்க, "எண்ணு, எண்ணு" என்றார்கள்.

ஊர் திரும்பியபோது வசந்தி விமான நிலையத்தில் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்துவிட்டு, "கணக்கு நல்லா இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். நன்றாக இருக்கிறது. அதிலிருந்து ஒரு காசும் குறையவில்லை. என் குடலை வெட்டித் தைத்த செலவு முழுவதும் தாமுவே பெட்டியிலிருந்து போனது. பெட்டியைப் பிரிக்கவில்லை. நான் விமானம் ஏறிய செவ்வாய்க்கிழமை காலை, மா செல்வி வழக்கம்போல டயாலிசிஸுக்குப் போனார்.